பார்க்காதே என்று எழுதிய பக்கம்

அவனுக்கு முறையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் சொந்தக்காரர்கள் வாயில் நிலைத்தது ‘மூடி’. தண்ணீர்ப் பானையை மூடுவான், பேனாவை மூடுவான், டிவி ரிமோட்டுக்கு உறை போட்டு அந்த உறையின் வாயையும் ஒட்டிவிடுவான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, வயது நாற்பத்து நாலு ஆகியும் குணம் மாறவில்லை. பகலில் குடிநீர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் முடி கொட்டிப்போனவர்களுக்காக அண்ணி நடத்தும் விக் கடையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வான். அதற்குச் சம்பளம் கிடையாது. சாப்பாடும் திட்டும் உண்டு.

கடை முதல் மாடியில் இருந்தது. முன்பக்கம் ஒரு படிக்கட்டு, பின்பக்கம் ஒரு படிக்கட்டு. நடுவில் திரை போட்ட ஓர் அறை. அதில் ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி. ஒருவர் பின்படி இறங்கிப் போய் அரை மணி நேரம் கழித்துத்தான் அடுத்தவர் முன்படி ஏறுவார். பதினாறு வருஷத்தில் ஒரு வாடிக்கையாளர் இன்னொருவர் முகத்தைப் பார்த்ததில்லை. அண்ணிக்குப் பெருமை எல்லாம் அதில்தான். விக் யார் வேண்டுமானாலும் செய்வார்கள் என்பாள்.

வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கோத்துக் கட்டுவது ஐந்து பெண்கள், அவரவர் வீட்டிலிருந்து. நெற்றியில் முடி தொடங்கும் இடம் தெரியாமல் கட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் மொட்டைத் தலையோடு நாலு பக்கமும் படம் எடுத்து, வெப்சைட்டில் ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வைப்பான் மூடி. பெயர் இருக்காது, நம்பர் மட்டும். முதலில் பாஸ்வேர்டு வைத்திருந்தான். ஐந்து பேரும் தினம் அதை மறந்துபோய் மாறி மாறி அலுவலகத்துக்கே போன் செய்ய, ஒரு நாள் எரிச்சலில் எடுத்துவிட்டான். மூடி வாழ்க்கையில் திறந்து வைத்தது அது ஒன்றுதான். திறந்ததும் அவன் கை சும்மா இருக்குமா?

தேடுபொறிகள் ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் ரோபோக்களை அனுப்பும். மனுஷ ரோபோ இல்லை, வெறும் புரோகிராம்தான். அவை உள்ளே நுழையும்போது முதலில் ஒரு சின்னக் குறிப்பைப் படிக்கும். ‘இந்த ஃபோல்டருக்குள் போகாதே’ என்று அதில் எழுதியிருந்தால், மரியாதை தெரிந்த ரோபோ போகாது. மூடி அப்படி ஒரு வரி எழுதிவைத்தான். எழுதிய பிறகுதான் யோசித்தான். அந்தக் குறிப்பை மனிதர்களும் திறந்து படிக்கலாமே! உடனே இன்னொரு வேலை செய்தான். ரோபோ என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்தால் குறிப்பு தெரியும். மனிதர் வந்தால் ‘அப்படி ஒரு பக்கமே இல்லை’ என்று வரும். இந்தச் சாமர்த்தியத்தை மனைவியிடம் மூன்று தடவை சொன்னான். மூன்றாவது தடவை அவள் தூங்கிவிட்டாள்.

ஒரு வருஷம் ஓடிய பிறகுதான், யார் யார் வந்து போனார்கள் என்ற பதிவை ஒரு சனிக்கிழமை நிதானமாகப் பார்த்தான். ஒரு ரோபோ ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு வந்திருந்தது. குறிப்பைப் படித்ததும், எங்கே போகாதே என்று எழுதியிருந்ததோ நேரே அங்கேயே போயிருந்தது. ரோபோ என்றால் ஒரு நொடியில் நூறு படத்தை விழுங்கும். இதுவோ ஒவ்வொரு படத்திலும் இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் நின்றிருந்தது. வந்த இணைப்பும் அதே ஊர் வீட்டு இணைப்பு. ரோபோ பெயரைப் போட்டுக்கொண்டு வந்த மனிதர் யாரோ! நாற்பத்தொரு பேருடைய முகம் அங்கே இருந்தது. அதில் பதினேழாம் நம்பர் ஒரு கம்ப்யூட்டர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் வேலையை விட்டுவிடுவேன் என்று முதல் நாளே சொன்னவர்.

ஃபோல்டரை அப்போதே அழித்தான். பிறகு அண்ணியிடம் போய், விஷயத்தை வெளியே விடாமல் அமுக்கிவிடலாமா என்று மெதுவாக இழுத்தான்.

அண்ணி கத்தவில்லை. “எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு எழுதி வச்சு, அந்த எழுத்தையும் ஒளிச்சு வச்சிருக்கீங்க. நல்ல வேலை தம்பி. மூடினது நீங்கதானே, சொல்றதும் நீங்களே சொல்லுங்க” என்றாள்.

சொன்னான். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டான். பெரும்பாலானவர்கள் படத்தை அழித்தாயிற்றா என்று மட்டும் கேட்டார்கள். இரண்டு பேர் இனி அந்தப் படியே ஏறமாட்டோம் என்று வைத்துவிட்டார்கள். அண்ணிக்கு அது பெரிய அடி. ஒருவர் மட்டும் படத்தில் தன் மூக்கு பெரிதாகத் தெரிகிறதா என்று விசாரித்தார். டீச்சர் போனை எடுக்கவே இல்லை. மறுநாள் ஞாயிறு, பதினொரு மணிக்கு அவரே படியேறி வந்து நின்றார்.

மூடி எழுந்து நின்று, மனப்பாடம் செய்தவன்போல் எல்லாவற்றையும் கொட்டினான். யார் பார்த்தார்கள் என்று தெரியவில்லை, உங்கள் படத்தையும் பார்த்திருக்கிறார்கள், என்னால்தான், என்றான்.

“நான்தான் சார் அது” என்றார் டீச்சர்.

அண்ணி கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். டீச்சர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். தன் படம் வெளியே தெரிகிறதா என்று பார்க்கத்தான் முதலில் போனாராம். ரோபோக்களுக்கான குறிப்பைத் திறந்தால் பக்கமே இல்லை என்று வந்ததும் சந்தேகம் தட்டியிருக்கிறது. ரோபோ பெயரில் போய்ப் பார்த்தால் ஃபோல்டரின் பெயரே எழுதியிருந்திருக்கிறது.

“அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். தப்புதான். ஆனா உள்ள போனா நாப்பது பேர் சார், எல்லாரும் என்னை மாதிரியே. எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சுட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை அவங்களைப் பார்த்தாதான் திங்கக்கிழமை கிளாஸ்ல போய் நிக்க முடியும்.” நிமிர்ந்து, “இன்னைக்குக் காலையில ஒருத்தரும் இல்லை” என்றார்.

அழித்தது சரிதான் என்றும் அவரே சொல்லிவிட்டுப் பின்படி வழியாக இறங்கிப் போனார். பெருமைப்பட்ட அந்தப் பின்கதவையே அண்ணி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேரம் குறிக்கும் நோட்டை எடுத்து, டீச்சரிடம் போனில் சம்மதம் கேட்டுக்கொண்டு, இருபத்தொன்பதாம் நம்பருக்கு, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு, போன் செய்தாள். படத்தைப் பார்த்தது யார் என்பதையும் சொல்லி, சந்திக்க விருப்பமா என்று கேட்டாள். அந்தப் பெண் இரண்டு நாள் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு இரண்டு பேரும் முன்படி வழியாகவே வந்தார்கள். திரைக்குப் பின்னால் ஒரே நாற்காலி. மூடி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே போட்டுவிட்டு வந்தான்.

“உங்களை எனக்கு ஒரு வருஷமாத் தெரியும்” என்று டீச்சர் தொடங்கினார். “கேக்காம பார்த்தேன். மன்னிச்சுக்கோங்க.”

“நீங்க பார்த்துட்டீங்க. நான் உங்களைப் பார்க்கலையே” என்றாள் மருந்துக் கடைப் பெண்.

டீச்சரின் கை மெல்ல நெற்றிக்குப் போயிற்று. திரை ஒரு முழம் விலகியிருந்ததை அப்போதுதான் கவனித்த மூடி, பழக்க தோஷத்தில் அதை இழுத்து மூடக் கை நீட்டினான்.

விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “இருக்கட்டும் சார்” என்றார் டீச்சர்.