வண்டி வராத ஸ்டேஷனில் அடித்த மணி

நம் முதியோர் எழுத்து வகுப்புப் பலகையில் நான் ஒட்டும் முதல் தாள் இது. எழுத்து நம் மலைப் பாதை போல வளைந்து போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நானும் என் மனைவி பாப்பாத்தியும் கிளியூரிலிருந்து மலையிறங்கி, பழைய ஸ்டேஷனில் வைத்திருக்கும் ரயில் காட்சிசாலைக்குப் போனோம். அவள் தம்பி இளவயதில் அங்கேதான் வண்டி ஏறினான். பிறகு ஒரு தகவலும் இல்லை.

காவலாளி, வண்டி வரும்போது அடிக்கும் அந்தக் கால மணியை அடித்துக் காட்டினார். உடனே பாப்பாத்தி பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பார ஓரத்துக்கு ஓடினாள். எதிரே தண்டவாளம் இல்லை, புல்லும் ஒரு அறிவிப்புப் பலகையும்தான். ஆனாலும் யாரோ இறங்கி நடப்பது போல எனக்கும் தோன்றியது.

"ஏனுங்க, அந்தப் பலகையில என்ன போட்டிருக்குது?" என்றாள்.

அவளுக்கு நான் படித்துச் சொல்வது இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன். "இங்கே வண்டிகள் வருவதில்லை."

படித்து முடித்த பிறகுதான் பொருள் எனக்கே உறைத்தது.

அவள் அழவில்லை. "அதான் பார்த்தேன். வேற டேசன்ல எறங்கி நிக்கறானாட்ட இருக்குதுங்க. அங்க போலாமுங்க" என்றாள்.

எந்த ஸ்டேஷன் என்று சொல்வது? தெரிந்தவர்கள் இதன் கீழே எழுதுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். இனிமேல் அவளுக்குச் சொல்லுமுன் ஒரு முறை மனதுக்குள் படித்துக்கொள்கிறேன்.