வெயில் காலத்து உப்பல்

அந்தச் சுரங்கக் குடியிருப்பில் மண் ஒருநாளும் இறங்கியதில்லை. மரம்தான் உப்பியது. மழையில் உப்பியது, பனியில் உப்பியது, நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டுச் சாக்கடையில் படுத்துக் கிடக்கும் வெயிலிலும் உப்பியது. கதவைச் சாத்த முடியாத ஒருவர் பராமரிப்புப் பிரிவுக்குப் போய் "வீடு சாயுது" என்றால் குமாஸ்தாவுக்குக் காது கேட்காது. "கதவு உப்பிடுச்சு" என்றால் உடனே ஆள் வரும். வருகிற ஆள் எப்போதும் ஒருவர்தான், கம்பெனித் தச்சர். மரம் சீவும் கருவியின் பெயரையே ஊர் அவருக்கு வைத்திருந்தது: இழைப்புளி.

அந்த ஊருக்கென்று பெருமைப்பட ஒரு வரலாறும் இல்லை. பொட்டல் காடாக இருந்தது. அடியில் நிலக்கரி இருப்பது தெரிந்தது. கம்பெனி வந்து காகிதத்தில் கோடு போட்டு, மேட்டில் அதிகாரிகளுக்கு மேல் வரிசையும் பள்ளத்தில் தொழிலாளிகளுக்குக் கீழ் வரிசையும் கட்டியது. குழாயில் தண்ணீர் வந்த மறுநாளே, நேற்றுவரை கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் பக்கத்துக் கிராமத்துக்காரர்களைப் பட்டிக்காட்டான் என்று அழைக்கத் தொடங்கினார்கள். மேல் வரிசைக்கு அடியில் மட்டும் கரியை வெட்டாமல் தூண் தூணாக விட்டுவைத்தார்கள். அதிகாரிகளின் தூக்கம் அவ்வளவு கனமானது போலும். கீழ் வரிசைக்கு அடியில் ஒன்றையும் விடவில்லை. அங்கிருந்த ஆண்கள் காலையில் கிளம்பிப்போய்த் தங்கள் அடுப்படிக்குக் கீழேயே தோண்டினார்கள். சாயங்காலம் கரி படிந்த கண்களோடு திரும்பிவந்து, உலைத் தண்ணீர் ஏன் ஒரு பக்கமாகவே வழிகிறது என்று மனைவியிடம் சண்டை பிடித்தார்கள்.

இழைப்புளியின் அப்பாவும் அப்படித் தோண்டியவர்தான். இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். குழிக்குள் இறங்கக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக மகன் தச்சு வேலை கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதை நன்றாகவே கற்றுக்கொண்டார், அதைத் தினமும் யாரிடமாவது சொல்லவும் செய்தார். வாசல் நிலை சாய்ந்த அளவுக்குக் கதவின் மேல் மூலையைச் சீவுவார். கீழே விழுந்த இடைவெளிக்கு மரப் பட்டி வைத்து அடிப்பார். வருடாவருடம் சீவிச் சீவி, கீழ் வரிசையில் ஒரு வீட்டுக் கதவு இன்னொரு வீட்டுக்குப் பொருந்தாது என்ற நிலை வந்தது. ஒவ்வொரு வீடும் தன் இஷ்டத்துக்குச் சாய்ந்திருந்தது. ரசமட்டத்தைப் பைக்குள் வைத்துக்கொள்வதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். நேராக எதுவுமே இல்லாத இடத்தில் அது எதற்கு? காரணம் அவருக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்திருப்பதற்கும் சேர்த்துத்தான் கம்பெனி அவரை வைத்திருந்தது.

ஒரு மத்தியானம் கீழ் வரிசையின் கடைசி வீட்டுச் சுவர் கட்டிலின்மேல் விழுந்தது. கட்டிலில் யாரும் இல்லை. விசாரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மா வரப்போவதாகச் சேதி வந்தது. மண் இறங்கியது என்று அவர் எழுதினால் கீழ் வரிசை முழுவதையும் வேறிடத்துக்கு மாற்றியாக வேண்டும். மரம் உப்பியது என்று எழுதினால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

விழுந்த வீட்டுக்கு அடுத்தது இழைப்புளியின் தங்கச்சி வீடு. சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. இரண்டு பிள்ளைகளையும் அந்தச் சுவர்ப் பக்கம் படுக்கவிடாமல் அறை நடுவில் படுக்கவைத்திருந்தாள்.

"அண்ணே, இந்த ஒரு தடவை என் கதவச் சீவாத. வர்ற அம்மா தோளால இடிச்சுத் திறக்கட்டும்."

"இடிச்சா கதவு உடைஞ்சிடும்."

"உன் கதவு மேல இருக்குற அக்கறை உன் மருமகப் பிள்ளைங்க மேல இருக்கா?"

"பேசத் தெரிஞ்ச வாயி. உன் புருஷனும் சேர்ந்துதானே தோண்டினான்? அவனப் போய்க் கேளு."

"அவரு வாயத் திறந்தா வேலை போயிடும். நீ திறந்தா என்ன போகுது?"

என்ன போகும் என்பது அவருக்குத்தான் தெரியும். குடியிருப்பு அதிகாரி முந்தின நாள்தான் அவரைக் கூப்பிட்டு, முதல்முறையாக நாற்காலியில் உட்காரச் சொல்லியிருந்தார்.

"மேல் வரிசையில ஒரு வீடு காலியா கிடக்கு. உங்களுக்குத் தரலாம்னு நினைக்கிறேன். உப்பலப் பத்தி உங்கள விட யாருக்குத் தெரியும், சொல்லுங்க."

பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறையில் காலம் தள்ளியவருக்கு அது போதுமாக இருந்தது. ஆய்வாளர் வருவதற்குள் கீழ் வரிசைக் கதவுகள் எல்லாவற்றையும் வெண்ணெய்போல் திறந்து மூடும்படி சீவிவைத்தார். தங்கச்சி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அவள் கதவையும்.

வந்தவர் அதிகம் பேசாத பெண்மணி. வீடு வீடாகக் கதவைத் திறந்து பார்த்தார், சாத்திப் பார்த்தார்.

"மழை பெஞ்சு எவ்வளவு நாளாச்சு?"

"போன வருஷம் பெஞ்சது மேடம்," என்றார் இழைப்புளி. "மரம் உடனே காட்டாது. மனசுல வச்சிருந்து மெதுவாத்தான் காட்டும்."

குடியிருப்பு அதிகாரி சிரிக்காமல் தலையாட்டினார். வெடிப்பு விழுந்த சுவர்களுக்குக் கொத்தனார் மேல் பழி விழுந்தது. அந்தக் கொத்தனார் செத்து வெகுகாலமாகியிருந்தது வசதியாகப் போயிற்று.

மறுநாள் காலை ஆய்வாளர் ஊருக்குக் கிளம்பும் நேரத்தில், தங்கச்சியும் அவள் புருஷனும் கீலைக் கழற்றித் தங்கள் வீட்டுக் கதவைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்கள். சமதளமான சிமென்ட் தரையில், நேரான சுவரோரம் அதை நிறுத்தினாள். கதவு, எழுதத் தெரியாத குழந்தை போட்ட கட்டம்போல் நின்றது. ஒரு மூலை மேலே, ஒரு மூலை கீழே, அடியில் பட்டிமேல் பட்டி.

"மரம் உப்பினா எல்லாப் பக்கமும்தானே மேடம் உப்பும்? இது ஏன் ஒரு மூலையில மட்டும் உப்பிச்சு?"

ஆய்வாளர் கதவைப் பார்த்தார். குடியிருப்பு அதிகாரிக்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது.

"இது ஆள் செஞ்ச தப்பு மேடம். எங்க கார்பென்டருக்கு அவ்வளவா வேலை தெரியாது. கோணல்மாணலா சீவிடுவாரு. நாங்களும் போனாப் போகுதுன்னு வச்சிருக்கோம்."

நல்ல யோசனைதான். இழைப்புளி தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் மேல் வரிசை வீட்டுச் சாவி அன்றே கைக்கு வந்திருக்கும். சுவர் விழுந்தபோது வராத கோபம், தங்கச்சி கெஞ்சியபோது வராத கோபம், அப்போது வந்தது.

"யாருக்கு வேலை தெரியாது? கொண்டுபோய் அது இருந்த நிலையில மாட்டிப் பாருங்க சார். ஒரு நூல் பிசகினா என் கைய வெட்டிக்கிறேன். நிலை எவ்வளவு சாஞ்சிருக்கோ அவ்வளவுதான் சீவியிருக்கேன்."

"எவ்வளவு சாஞ்சிருக்கு?" என்றார் ஆய்வாளர் அமைதியாக.

"முதல்ல இவ்வளவு." விரலை விரித்துக் காட்டினார். "போன வருஷம் இவ்வளவு. இப்ப இந்தா, இவ்வளவு. நிலை மட்டுமா, தரையே அந்தப் பக்கம் இறங்கியிருக்கு. அதுக்கும் கணக்குப் பண்ணித்தான் சீவினேன். வேற எவன் செய்வான் இத?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே விளங்கியது. விரித்த விரல்களை மடக்கிக்கொண்டார். குடியிருப்பு அதிகாரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ் வரிசையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. மேல் வரிசை வீடு குடியிருப்பு அதிகாரியின் டிரைவருக்குப் போனது. இழைப்புளி மனசாட்சிக்குப் பயந்து உண்மையைச் சொன்னார் என்று பாதி ஊர் மெச்சியது. பேரம் படியாததால் காட்டிக்கொடுத்தார் என்று மீதி ஊர் ஏசியது. இரண்டு பாதியும் அவரைப் பற்றி ரொம்பப் பெரிதாக நினைத்துவிட்டன.

தங்கச்சி சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த அன்று அவர் போய் நின்றார்.

"பாத்தியா. கடைசியில அண்ணன் வாயத் திறந்துதானே உனக்கு வீடு மாறுது."

அவள் பாத்திர மூட்டையைக் கீழே வைத்தாள். "நெஞ்சத் தொட்டுச் சொல்லு. எனக்காகவா திறந்த?"



"அந்த ஆளு எனக்கு வேலை தெரியாதுன்னுட்டான்ல."

"சரி, அந்த மட்டுக்குப் பொய் சொல்லல," என்றாள். "கட்டிலோட அந்தப் பக்கத்தத் தூக்கு."