திரும்பி என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு மூச்சு

என் குரலை அழித்துவிட்டுத்தான் இந்த ஊரில் நிறையப் பேர் பாடியிருக்கிறார்கள். புகார் இல்லை, என் தொழிலே அதுதான். பெரிய பாடகி ஒலிப்பதிவுக்கு வருமுன், அவருக்கு மெட்டைக் காட்ட ஒருத்தி முழுப் பாட்டையும் பாடி வைக்க வேண்டும். ட்ராக் பாடுவது என்று அதற்குப் பெயர். அவர் வந்து ஹெட்ஃபோனில் அதைக் கேட்டுப் பாடி முடித்ததும் நம்முடையதை எடுத்துவிடுவார்கள். இருபது வருடமாகப் பாடுகிறேன். இதுதான் என் குரல் என்று போட்டுக் காட்ட ஒரு பாட்டு கிடையாது.

என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது, எங்கம்மா பாடகி என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். தோழிகள் போனில் தேடிப் பார்த்தார்களாம். எதுவும் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். பொய்க்காரி என்று திட்டியிருந்தால்கூடத் தேவலை. இப்போது அவள் தி.நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறாள். அவள் கையில் கொடுக்க ஒரே ஒரு பாட்டு வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை.

போன வருடம் கோபாலபுரத்திலிருந்து கூப்பிட்டார்கள். கல்லூரி நாளில் ராக் பேண்ட் தொடங்கிய நான்கு ஆண்கள், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்கென்று ஒரு கூட்டமே இருந்ததாம். பழைய பாட்டுகளைப் பெண் குரல் சேர்த்து டூயட்டாக மறுபடி பதிவு செய்யலாமா, கூடாதா என்று அவர்களுக்குள் சண்டை. ஒரு பாட்டைச் செய்து பார்ப்போம், அதுவரைக்கும் ஒரு ட்ராக் பாடகி போதும் என்று என்னை வரச் சொன்னார்கள்.

செம்மஞ்சேரியிலிருந்து இரண்டு பஸ். அடையாறு பாலம் வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம். எங்களைச் செம்மஞ்சேரிக்கு விரட்டிவிட்டு, ஆற்றங்கரையில் எங்கள் வீடு இருந்த இடத்தில் வேலி கட்டிச் செடி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு என்னவோ ஞாபகத்தில் மூட மறந்துவிட்டேன்.

பழைய பங்களாவின் மாடி அறைதான் ஸ்டுடியோ. சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. எனக்கு ஒரு ஸ்டூலைக் கொடுத்துவிட்டு, அவர்கள் சண்டையைத் தொடர்ந்தார்கள்.

கிதார்காரர் சொன்னார்: "பொம்மனாட்டி குரலைச் சேர்த்தா ரிசப்ஷன் கச்சேரி மாதிரி ஆயிடும்டா. நம்மளக் கேக்க வரவா நம்ம கத்தலைக் கேக்கத்தான் வரா."

"வர்றவங்க யாருடா? பாதிப் பேருக்குக் காது கேக்கல," என்றார் டிரம்ஸ்காரர். "ஒரு பொண்ணு வேணும். அதுவும் பேர் இருக்கற பொண்ணு."

கீபோர்டுக்காரர் போனைப் பார்த்துக்கொண்டே டிரம்ஸ்காரருக்குத் தலையாட்டினார்.

பெண் குரல் வேண்டுமா என்று ஒரு பெண்ணை நடுவில் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. புது ஃபேன் வாங்கலாமா என்று பேசும்போது பழைய ஃபேனிடம் யார் கேட்கிறார்கள்? என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒப்புக்கு ஒரு பெண்ணை ஓரமாக நிறுத்தி ஆ, ஊ என்று பாடவைப்பதற்கு டூயட் வேண்டாம். அவளுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் பாடட்டும்.

நரைத்த முடியைப் பின்னால் கட்டியிருந்த பாடகர் அதுவரை வாயைத் திறக்கவில்லை. கடைசியில், "நாப்பது வருஷமா நம்மள விட்டுட்டுப் போனவளையே திட்டிப் பாடிட்டிருக்கோம். ஒரு பாட்டுலயாவது அவ பதில் சொல்லியிருக்காளா? சொல்லட்டுமே," என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவள் பதிலை அவரே எழுதியிருந்தார். 'இனி நான் திரும்பி வரமாட்டேன், விளக்கை அணைத்துவிடு.' திரும்பி வரமாட்டேன் என்பதை ஒரே மூச்சில் மேலே கொண்டுபோக வேண்டும். பாடும்போது அந்த வேலியும் செடியும் கண்ணுக்குள் வந்தன. திரும்பி என்றதோடு பாட்டு நின்றுவிட்டது. ஒரு மூச்சு இழுத்துத்தான் வரமாட்டேன் என்று சொல்ல முடிந்தது. இருபது வருடத்தில் நான் இப்படித் தப்புப் பண்ணியதில்லை.

"சாரி சார், இன்னொரு டேக் போலாம்," என்றேன். ஸ்டுடியோவில் எங்கள் வீட்டுப் பேச்சு, இன்னா, கீது எல்லாம் வராமல் பார்த்துக்கொள்வேன்.

"வேண்டாம்மா. அந்த மூச்சுதான் பாட்டே," என்றார் பாடகர். மற்ற மூவரையும் திரும்பிப் பார்த்தார். "எதுக்குடா வேற ஆளு? இந்தம்மா குரலே இருக்கட்டும்."

கீபோர்டுக்காரர் மறுபடி போனை எடுத்தார். ஆனால் பாடகர் வாசல் வரை வந்து, "நான் பேசிக்கறேம்மா" என்றார். அன்றைக்குத் திரும்பும்போதும் பாலத்தில் நான் கண்ணை மூடவில்லை. இவ்வளவு வயதாகியும் புத்தி வரவில்லை, நம்பிவிட்டேன். மகளிடம் மட்டும் சொல்லவில்லை. கையில் கொடுத்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவரே போன் செய்தார். "டூயட் வேணும்னு முடிவாயிடுச்சும்மா. ஆனா பேர் இருக்கற பாடகிதான்னு மூணு பேரும் ஒரு பக்கம். கிதார்கூட மாறிட்டான். நான் ஒத்த ஆளு, என்ன பண்ண?" பரவாயில்லை சார் என்றேன். பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லியே நான் நாசமாய்ப் போனேன். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றேன். கோபம்கூட வரவில்லை. இனி ஒன்றும் இல்லை என்று தெரிந்தபிறகு எதற்குக் கோபம்?

போன வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மகள் போனோடு வந்தாள்.

"யம்மா, இத கேளேன். கடையில எல்லாப் பொண்ணுங்களும் இதான் கேட்டுக்கினு கீதுங்க. யாரோ பழைய பேண்டாம்."

முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. பாடகர் திட்டி முடித்தார். பிறகு பெரிய பாடகியின் குரல் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், தேன் மாதிரிக் குரல். 'இனி நான் திரும்பி' என்றார். ஒரு மூச்சு இழுத்தார். 'வரமாட்டேன்.'

என் மூச்சு. ட்ராக்கில் இருந்ததை அப்படியே பிடித்திருக்கிறார். குரலை அழித்துவிட்டு மூச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

"இந்த எடம் கேட்டியா?" மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாரும் இந்த எடத்துக்குத்தான் அழுவுதுங்க. எப்டிம்மா அவங்களுக்கு இப்டி வருது?"

அது என்னுது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்பதாவது படித்த அந்தப் பெண் பேசாமல் சாப்பிட்டது நினைவு வந்தது. அவள் இன்னொரு தடவை அப்படிச் சாப்பிடுவதை என்னால் பார்க்க முடியாது.

அவள் என் தோளில் கை போட்டாள். ஆசையாகத்தான் சொன்னாள்.

"நீயும் ஒரு நாளு இந்த மாதிரி பாடணும்மா."

"பாடலாம்," என்றேன். "அந்த எடத்த இன்னொரு தபா வை."