உப்பு போடாத ஒரு தோசை

ஞாயிறு சாயங்காலப் பூசை முடிந்ததும் நாங்கள் நேரே வீட்டுக்குப் போவதில்லை. சாந்தோமிலிருந்து ஆட்டோ பிடித்து மயிலாப்பூரில் ஏதாவது ஓட்டலில் போய் உட்கார்ந்துவிடுவோம். கல்யாணமான புதிதில் என் மனைவி வைத்த ஒரே நிபந்தனை அது. வாரம் முழுக்க நான் சமைக்கிறேன், அந்த ஒரு வேளை யாராவது எனக்குப் போடட்டும் என்றாள். முப்பத்தோரு வருடம் அது தவறாமல் நடந்தது.

போன வருடம் அவளுடைய சிறுநீரகம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுக் கிளம்பும்போது டாக்டர் ஒரு தாளை நீட்டினார். உப்பு பேருக்குத்தான். கீரை, இளநீர், வாழைப்பழம், தக்காளி, சிறுதானியம் எதுவும் கூடாது. உடம்புக்கு நல்லது என்று ஊர் எதையெல்லாம் சொல்கிறதோ, அதெல்லாம் அவளுக்கு ஆகாது. வீட்டில் ஒரு சின்னப் பாத்திரத்தில் தனக்கென்று தனியாக வேகவைத்துக்கொண்டாள். எனக்கு வழக்கம்போல் குழம்பு. ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு பெரிய ஊரில் இவளுக்கு ஒரு தோசை கிடைக்காமலா போகும் என்று வீராப்பாகக் கிளம்பினேன்.

முதலில் மயிலாப்பூரில் பழகிய ஓட்டல். உப்பில்லாமல் ஒரு தோசை என்றேன்.

"இன்னா சார் இப்டி கேக்குறீங்க? மாவு கரைக்கும்போதே உப்பு போட்டாச்சே" என்றார் சர்வர்.

இட்லிக்கும் அதே மாவு. மாவில் எப்போது உப்பு போடுவார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் என்னோடு வந்திருக்கிறாள்.

அடுத்த வாரம் தி.நகரில் ஓர் ஆரோக்கிய உணவகம். கம்பு தோசை, முருங்கைக்கீரை சூப், இளநீர் பாயசம். டாக்டர் கூடாது என்று எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் மெனுவாக அச்சடித்து வைத்திருந்தார்கள். பரிமாறிய பெண் அக்கறையாகத்தான் சொன்னாள்: "இது சாதா உப்பு இல்ல அங்கிள், இந்துப்பு. உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது."

எந்த உப்பானாலும் உப்புதானேம்மா என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. என் மனைவி எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள்.

அடையாறில் ஒரு சாலட் கடை. வெள்ளரிக்காயையும் முட்டைக்கோஸையும் நறுக்கி ஒரு கிண்ணத்தில் கொடுத்தார்கள். ரொம்ப நேரம் மென்றுவிட்டு, "ஆட்டுக்குக் கொழை போட்ட மாதிரி இருக்கு" என்றாள். பாதியிலேயே வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு தலை வலிக்கிறது, பூசைக்கு நீங்கள் மட்டும் போங்கள் என்றாள். அவள் பூசைக்கு வராத ஞாயிறு எனக்கு நினைவில்லை. பீடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஜெபம் வரவில்லை. பயமாக இருந்தது.

கடைசியாக மந்தைவெளியில் ஒரு மெஸ். கேட்டபடி செய்து தருவார்கள் என்று கோயிலில் யாரோ சொல்லியிருந்தார்கள். சர்வருக்கு என் வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டார்.

"வடிச்ச சாதத்துல மட்டும்தான் சார் உப்பு இல்ல. மத்ததெல்லாம் எல்லாருக்கும் ஒரே சட்டில வேவுது."

இலையில் வெறும் சாதம் வந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அவள் விரலால் அதை அளைந்துகொண்டே இருந்தாள். பிசைந்துகொள்ள ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த சர்வருக்கு மனசு கேட்கவில்லை.

"ஏன் சார் இவங்கள இட்டுக்கினு கடை கடையா அலையிறீங்க? மாவுல உப்பு போடாம, வீட்ல நீங்களே ரெண்டு தோசை ஊத்திக் குடுத்தா முடிஞ்சுது."

"இவரா?" என்றாள் என் மனைவி. சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நாலு ஞாயிறு ஊரெல்லாம் தேடிய எனக்கு அந்த யோசனை ஒருமுறைகூட வரவில்லை. சாம்பார் சாதம் பாதி இருக்கும்போதே என் இலையை மடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் புடவைகூட மாற்றாமல், தனக்கென்று உப்பு போடாமல் வைத்திருந்த மாவை எடுத்துவைத்து அடுப்பைப் பற்றவைத்தாள். நான் சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"நான் ஊத்தட்டுமா?"

திரும்பிப் பார்த்தாள். "தோசைக்கல்லு எங்க இருக்குன்னு தெரியுமாங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை.