பெயர் மறைத்த படங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸுகள் அவரைத் தூங்குமூஞ்சி டாக்டர் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக அல்ல. எப்போதும் பாதி மூடினாற்போன்ற இமைகள் அவருக்கு. பேச்சும் நடையும் அதற்குத் தகுந்தபடி மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் அந்தக் கட்டிலருகே முதலில் நிற்பவரும் அவர்தான். அதனால் அந்தப் பெயரில் கேலியைவிடச் செல்லம் அதிகம். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தோரு வருஷமாக அதே ஆஸ்பத்திரி, அதே நான்காவது மாடி.

எக்ஸ்ரே படங்களின் மேல் அவருக்கு ஒரு மயக்கம் உண்டு. மற்றவர்கள் வேண்டியதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள், இவர் நின்றுவிடுவார். நெஞ்சுப் படம் அவர் கண்ணுக்குப் பனியில் நிற்கும் இரண்டு மரங்கள். கிளைகள் மெலிந்து மெலிந்து ஓரத்தில் காணாமல் போகும். வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் சாம்பல் நிறம் கண்ணுக்குள் மிதந்துகொண்டிருக்கும்.

"இன்னும் வீடு வந்து சேரலையா நீ?" என்பார் கணவர். நில அளவைத் துறையில் வேலை பார்ப்பவர். பேச்சையும் அளந்துதான் எடுப்பார்.

அந்த வருஷம் ஆஸ்பத்திரிக்கு ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்தது. நெஞ்சுப் படத்தைக் கொடுத்தால், சந்தேகமான இடத்தைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டுக் காட்டும். நர்ஸுகள் அன்றைக்கே அதற்கு 'மஞ்சக்கோடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சோதிக்கும் வேலை தூங்குமூஞ்சி டாக்டரிடம் வந்தது. பழைய படங்கள் இரண்டாயிரத்தைக் கணினியில் ஏற்றி, பெயர்களை மறைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு படத்தையும் முதலில் தன் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். பிறகுதான் மஞ்சக்கோடு என்ன சொல்கிறது என்று திறந்து பார்க்கலாம்.

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை, தரைத்தளத்தில் எக்ஸ்ரே டாக்டரின் அறையில் அந்த வேலை நடந்தது. கனத்த திரை போட்ட அறை. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் மழை வரப்போகும் வெளிச்சம்தான்.

"நான் பாக்கறதுக்குள்ள இது பத்து படம் பாத்துடுது. இனிமே என்னை எதுக்கு வெச்சிருப்பாங்க?" என்றார் எக்ஸ்ரே டாக்டர்.

"கவலைப்படாதீங்க. நேத்து போர்வை மடிப்பைப் பாத்து நுரையீரல் சுருங்கிடுச்சுன்னு ஒரே அடம். உங்களுக்குப் போர்வை எதுன்னாவது தெரியும்."

சிரித்துக்கொண்டே படங்களை நகர்த்துவார்கள். மனிதர்கள் முகமில்லாமல், ஊரில்லாமல், வெறும் மூச்சுக்கூடுகளாகத் திரையில் வந்து போனார்கள். மூன்றாவது வாரத்தில் டாக்டருக்குத் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

அப்படி ஒரு மதியம் வந்த படத்தைப் பார்த்து, 'விலா எலும்பு முறிவு மூன்று. நுரையீரலைச் சுற்றிக் காற்றுத் தேக்கம் இல்லை' என்று எழுதினார். பிறகு மஞ்சக்கோட்டைத் திறந்தார். இடது பக்கம், கீழ் மூலையில் கோடு விழுந்திருந்தது. 'காற்றுத் தேக்கம்' என்றது அது. குனிந்து பார்த்தார். ஆமாம். அந்த மூலை மட்டும் இருக்க வேண்டியதைவிட ஒரு விரற்கடை ஆழமாக, கூடுதல் கருப்பாக இருந்தது.

கண் அங்கிருந்து தானாக மேலே போனது. தோள்பட்டைக்குக் கீழே, எலும்பின் மேல் ஒரு உலோகத் தகடு. அதில் ஆறு ஸ்க்ரூ. ஐந்து நேராக இருந்தன. ஆறாவது கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் பைக் விபத்தில் வந்தவர். லிப்ட் மெக்கானிக். அந்தத் தகடு அதற்கும் முந்தைய ஒரு விபத்தில் வைத்தது. ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு, "வீட்ல எனக்கு மரை கழண்டுடுச்சுன்னு சொல்லுவாங்க டாக்டர். படத்தைப் பாருங்க, நிஜமாவே கழண்டிருக்கு," என்று சிரித்தவர். மறுநாள் காலை அவருக்கு மூச்சு மோசமாகி, செயற்கை சுவாசம் வைத்தார்கள். உடனே இந்தப் படத்தை எடுத்தார்கள். இளம் டாக்டராக இருந்த இவர்தான் பார்த்து, 'காற்றுத் தேக்கம் இல்லை' என்று எழுதினார். மதியத்துக்குள் மெக்கானிக்கின் இதயம் நின்றுவிட்டது. "எங்களால ஆனதெல்லாம் பண்ணோம்மா," என்று அவர் மனைவியிடம் வராந்தாவில் நின்று சொன்னதும் இவர்தான்.

நுரையீரல் கிழிந்து காற்று வெளியே கசிந்தால், உட்கார்ந்திருப்பவருக்கு அது மேலே ஏறிப் படத்தில் பளிச்சென்று தெரியும். மல்லாந்து படுத்தவருக்கு முன்பக்கமாகப் பரவி, கீழ் மூலையை மட்டும் லேசாகக் கருப்பாக்கும். தெரிந்திருந்தால் ஒரு ஊசி குத்தி அந்தக் காற்றை எடுத்திருக்கலாம். அன்று தப்பவிட்ட அதே கண், இத்தனை வருஷ அனுபவத்துக்குப் பிறகு, இன்றும் தப்பவிட்டிருந்தது.

"நான் பாத்திருந்தாலும் விட்டிருப்பேன்," என்றார் எக்ஸ்ரே டாக்டர்.

"நீங்க பாக்கலையே. நான்தானே பாத்தேன்."

அடுத்த சில நாட்கள் கால் தரையில் பாவாமல் கழிந்தன. லிப்ட்டில் ஏறும்போதெல்லாம் மேலே இருட்டில் யாரோ கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணசந்தபோது மெக்கானிக் கனவில் வந்தார். நெஞ்சுக்குள் ஒரு விளக்கு எரிய, லிப்ட் குழிக்குள் நிதானமாக மேலே ஏறிக்கொண்டிருந்தார். எந்த மாடி என்று இவர் கேட்பதற்குள் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். மெக்கானிக்கின் மனைவியைத் தேடிப் போய்ச் சொல்லப் போவதாகவும் சொன்னார். கணவர் கேட்டார்:

"அவங்ககிட்ட சொன்னா உனக்கு லேசாகும். அவங்களுக்கு?"

"தெரியலைங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியாம இருக்கறது சரியில்ல."

ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் கையை விரித்தார். "யாரும் கேக்கல. படத்துல பேரே இல்ல. ஏன் டாக்டர் தூங்கறதைத் தட்டி எழுப்பறீங்க?" ஆனாலும் தடுக்கவில்லை. பழைய பதிவேட்டில் விலாசம் கிடைத்தது. மெக்கானிக்கின் மனைவி அதே தெருவில் இப்போது ஒரு ரொட்டிக்கடை வைத்திருந்தார்.

மதியம் கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து டாக்டர் போனார். கடைக்கார அம்மாளுக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான். முழங்கை வரை மாவு. டாக்டர் தான் யார் என்று சொன்னார். படத்தைப் பற்றி, மஞ்சக்கோட்டைப் பற்றி, ஊசியைப் பற்றி, சுற்றி வளைக்காமல் சொன்னார். நடுவில் ஒருவர் வந்து ரொட்டி கேட்டார். அந்த அம்மாள் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஊசி போட்டிருந்தா பொழைச்சிருப்பாரா?"

"வாய்ப்பு இருந்துச்சும்மா. நிச்சயமா பொழைச்சிருப்பார்னு சொன்னா அது பொய்."

"பத்தொன்பது வருஷம்." அந்த அம்மாளின் குரல் உயரவில்லை. "தனியா பொண்ணை வளத்து, கட்டிக் குடுத்து, இப்பதான் நான் நிம்மதியா தூங்கறேன். உங்க பாரத்தை இறக்கி வைக்க என் கடைதான் கிடைச்சுதா?"

"நீங்க கோபப்படறது நியாயம்."

"அதை நீங்க சொல்லணுமா? கெளம்புங்க."

டாக்டர் கிளம்பினார். வாசல்படி எங்கே முடிந்து தெரு எங்கே ஆரம்பித்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து அந்த அம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "அந்தப் படத்தை நான் பாக்கணும்," என்றார். அவ்வளவுதான்.

திரை போட்ட அறைக்கு அழைத்துப் போனார் டாக்டர். படம் வந்ததும் கடைக்கார அம்மாள் நாற்காலியில் உட்காராமல் கணினித் திரையை ஒட்டிப் போய் நின்றார். சாம்பல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. தகட்டின் மேல் விரலை வைத்தார். பிறகு விரல் விலா எலும்புகளின் வழியாக, படியிறங்குவது போல, ஒவ்வொன்றாக இறங்கியது.

"இவ்ளோ ஒல்லியாவா இருந்தாரு," என்றார். திரும்பாமலே கேட்டார்: "இதுல தண்ணி எங்க தெரியும்?"

"என்ன தண்ணிம்மா?"

"முதல் நாள் ராத்திரி தண்ணி தண்ணின்னு கெஞ்சினார். குடுக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லியிருந்தாங்க. அவங்க அந்தப் பக்கம் போனப்ப ஒரு மடக்கு குடுத்துட்டேன். இருமினார். விடிஞ்சா மூச்சு இழுக்குது. நான்தான் கொன்னுட்டேன்னு... யார்கிட்டயும் சொன்னதில்ல. பொண்ணுக்குக்கூடத் தெரியாது."

டாக்டர் அவர் பக்கத்தில் போய் நின்றார். படத்தைப் பெரிதாக்கினார். வலது பக்கம், இடது பக்கம், மேல், கீழ் என்று ஒவ்வோர் இடமாக, இத்தனை வருஷத்தில் எந்தப் படத்தையும் பார்க்காத நிதானத்தோடு பார்த்தார். மஞ்சக்கோடு வேறெங்கும் விழவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டார். எக்ஸ்ரே டாக்டரையும் கூப்பிட்டு, விஷயம் சொல்லாமல், பார்க்கச் சொன்னார். அவரும் வேறெதுவும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"மூச்சை இழுக்கற அளவுக்குத் தண்ணி உள்ள போயிருந்தா இங்க, இந்த இடத்துல, வெள்ளை வெள்ளையா தெரியணும்மா. இங்க ஒண்ணும் இல்ல. பாருங்க, சுத்தமா இருக்கு. அந்த ஒரு மடக்கு அவரைக் கொல்லல."

"அப்ப நான் இல்லையா?"

"நீங்க இல்லம்மா."

தொடர்ந்து ஏதோ சொல்ல டாக்டர் வாயெடுத்தார். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னல் திரைக்குப் பின்னால் சாலையில் வண்டிகள் போகும் சத்தம், வெகு தூரத்திலிருந்து வருவது போல் கேட்டது. கிளம்பும்போது அந்த அம்மாள், "தாகத்தோட சாகலைன்னு இனிமே நான் நெனைச்சுக்கலாம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஒரு மடக்காவது குடிச்சாரு."

டாக்டர் தன் தவறை எழுதி ஆஸ்பத்திரியில் பதிவு செய்தார். மூன்று மாதம் கழித்து அந்த அம்மாளுக்கு நிர்வாகத்திடமிருந்து நான்கு வரியில் ஒரு மன்னிப்புக் கடிதம் போனது. செயற்கை சுவாசத்தில் இருப்பவர்களின் காலைப் படத்தை டாக்டர் ஒரு முறையும் மென்பொருள் ஒரு முறையும் தனித்தனியே பார்க்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கட்டிலருகே போய் நோயாளியைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்று நான்காவது மாடியில் ஒரு விதி வந்தது. அதனால் இதுவரை இரண்டு பேருக்கு வேளையோடு ஊசி குத்தப்பட்டது. ஒருவருக்கு, தேவையில்லாத ஊசி தவிர்க்கப்பட்டது.

தூங்குமூஞ்சி டாக்டர் இப்போதும் சில நாள் மதியங்களில் ரொட்டிக்கடைத் தெரு வழியாக நடந்து போகிறார். இதைவிடப் பக்கமான வேறு வழியும் உண்டு. சில நாள் கடைக்கார அம்மாள் நிமிர்ந்து பார்த்துத் தலையசைக்கிறார். சில நாள் பார்த்தும் பார்க்காதது போல மாவைப் பிசைந்துகொண்டிருக்கிறார். டாக்டர் எல்லா நாளும் ஒரே வேகத்தில்தான் நடக்கிறார்.