க்ரூத் என்றால் மலையாடு

களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் என்னை ‘இங்கிலிஷ் சேர்’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்துத்தான் என் ரியூஷன் வகுப்பு ஓடுகிறது. அப்பேர்ப்பட்ட என்னை, இங்கிலிஷில் ஒரு வசனம் பேசத் தெரியாத காத்தான்குடித் துணிக்கடைக்காரர் ஒருவர், எழுத்துக்கட்டைகளை அடுக்கிச் சொல் உண்டாக்கும் ஸ்கிராபிள் விளையாட்டில் ஒன்பது கிழமை தொடர்ந்து மண் கவ்வ வைத்தார்.

அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள். கட்டாரில் வேலை செய்தபோது அறையிலிருந்த பிலிப்பைன்ஸ்காரர்களிடம் பழகிய விளையாட்டாம். சொற்பட்டியலை அப்படியே பாடமாக்கி வைத்திருந்தார். அர்த்தம் கேட்டால் சிரிப்பார். ‘ஸாக்ஸ்’ என்று மூன்றே கட்டை வைப்பார், ஐம்பத்தேழு புள்ளி போய்விடும். எனக்கு வயிறு எரிந்தது. அதனால் ஒரு சட்டம் கொண்டுவந்தேன்: வைக்கிற சொல்லுக்கு அர்த்தம் சொல்லாவிட்டால் புள்ளி இல்லை. அற்பத்தனமான சட்டம்தான். கொண்டுவரும்போது எனக்கு வெட்கமே வரவில்லை.

மனிதர் அடுத்த கிழமையே ஒரு கொப்பியோடு உட்கார்ந்திருந்தார். ஸாக்ஸ் என்றால் கூரைக்குப் போடும் கற்பலகையை வெட்டுகிற கருவி. ‘ஏஏ’ என்றால் உறைந்துபோன எரிமலைக் குழம்பு. ‘ஏஐ’ என்றால் மரத்தில் தொங்கியபடி தூங்கும் ஒரு சோம்பேறி மிருகம். எல்லாம் சரி. போதாததற்கு, நான் வைக்கும் சொற்களுக்கும் அர்த்தம் கேட்டுக் கேட்டு எழுதத் தொடங்கினார்.

ஒருநாள் என் கையில் பெயருக்குக்கூட ஒரு உயிரெழுத்து இல்லை. எங்கேயோ பட்டியலில் பார்த்த, CRWTH என்று உயிரெழுத்தே இல்லாமல் எழுதும் ‘க்ரூத்’தை வைத்தேன்.

“அர்த்தம் சேர்?”

“வேல்ஸ் பக்கத்து மலையாடு, காக்கா,” என்றேன், கொஞ்சமும் முகம் மாறாமல்.

பயபக்தியோடு எழுதிக்கொண்டார். பொய் இவ்வளவு சுலபமென்று தெரிந்தபிறகு நான் சும்மா இருப்பேனா? கிழமைக்கு இரண்டு மூன்றாவது அவிழ்த்துவிட்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட வெள்ளைத்துணி எடுக்க ஒரு தாயும் மகளும், நாங்கள் விளையாடிக்கொண்டிருந்த காக்காவின் கடைக்கு வந்தார்கள். மகளை என் வகுப்பில் சேர்ப்பதா, வேறு இடத்தில் சேர்ப்பதா என்று தாய் என்னிடமே இழுத்துக்கொண்டிருந்தார்.

“யோசிக்காதீங்க தங்கச்சி, இவருக்குத் தெரியாத சொல்லே இல்ல,” என்று காக்கா கொப்பியை விரித்துக் காட்டினார்.

அந்தப் பிள்ளை சும்மா இருக்கவில்லை. போனை எடுத்துத் தட்டியது.

“சேர், க்ரூத் எண்டா வயலின் மாதிரி ஒரு வாத்தியம் எண்டெல்லோ கிடக்கு? ஆடு எண்டு இல்லயே.”

தாய் என்னைப் பார்த்தார். காக்காவும் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, கொப்பியை மூடிவிட்டார்.

“நான்தான் புள்ள பிழையா எழுதிட்டன். சேர் சரியாத்தான் சொன்னவரு.”

தாய் புதன்கிழமையிலிருந்து அனுப்புவதாகச் சொல்லி, துணியை வாங்கிக்கொண்டு போனார். என் பெயரைக் காப்பாற்ற அவர் தன்னை முட்டாளாக்கிக்கொண்டார், நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.

காக்கா கொப்பியை என் முன்னால் வைத்து, அதன்மேல் பேனையை வைத்தார்.

“மத்ததுல இப்பிடி எத்தின சேர்?”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். அவர் அசர் தொழுகைக்குப் போய்விட்டார். நான் முதல் பக்கத்திலிருந்து என் பொய்களை வெட்டத் தொடங்கினேன். பதினேழாவது சொல்லில் பேனை நின்றது. அதற்கு நான் சொன்னது பொய்யா, உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.