பத்துச்சீட்டு

அக்காவைக் கண்டாலே அப்போது எனக்கு வயிறு பற்றி எரியும். எல்லாம் அப்பாவின் கடையால் வந்தது.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அப்பா ஒரு கொமினிகேஷன் வைத்திருந்தார். கோல் பேசவும் போட்டோ கொப்பி எடுக்கவும் ஆட்கள் வருவார்கள். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு, பேச வருகிறவர்கள் நின்றுபோனார்கள். வாடகையும் கரண்ட் பில்லும் மட்டும் நிற்கவில்லை. கடையை மூடிவிட்டு மறுபடியும் தோட்டத்து வேலைக்கே போக வேண்டியதுதான் என்று அப்பா புலம்ப ஆரம்பித்தார்.

லயத்து வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தால் இதே பேச்சுத்தான். யாராவது ஒரு வீண்செலவைக் கண்டுபிடித்துச் சொன்னால், "அதுக்குப் பத்துச்சீட்டு குடுத்துருவோம்" என்பார் அப்பா. தோட்டத்தில் ஆளை வேலையிலிருந்து நிறுத்தும்போது கொடுக்கிற சீட்டுக்கு அந்தப் பெயர். ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு இதில் அப்படியொரு மூளை. கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும்போது பகலில் டியூப் லைட் எதற்கு என்றாள். ஆள் வராத நேரத்தில் மெஷினை ஓஃப் பண்ணி வைக்கலாம் என்றாள். பழுதாய்ப்போன தாளின் பின்பக்கத்தை வீணாக்கக் கூடாது என்றாள். அப்பா உருகிப்போய், "பாத்தியா நம்ம சின்னத் தொரைய!" என்று அம்மாவிடம் சொல்லுவார்.

நான் மட்டும் விடுவேனா? மண்டையைப் போட்டு உடைத்து, "கடை வாசல்ல இருக்கிற நாய்க்கு பணிஸ் போடுறத நிப்பாட்டலாம்ப்பா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவுக்குப் புரையே ஏறிவிட்டது, சண்டாளி.

அந்த நேரம் பார்த்து, கடையில் சம்பளத்துக்கு நின்ற பெண் கல்யாணமாகிப் போனாள்.

"புது ஆளு எதுக்குப்பா? நானே வர்றேன்" என்றாள் அக்கா.

அப்பா அன்றைக்கு அவளைச் சின்னத் தொரை என்று கூப்பிடவில்லை. அம்மா எரிகிற அடுப்பையே ஊதிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காலையில் மகாராணி சுடிதார் போட்டுக்கொண்டு அப்பாவோடு பஸ் ஏறுவாள். கடையில் உட்கார்ந்து சுற்றுகிற கதிரை, பத்து மணிக்கு ரோல்ஸும் பிளேன்டீயும். நானோ வெள்ளைச் சட்டையும் புத்தக மூட்டையுமாகப் பள்ளத்தில் இறங்க வேண்டும். போதாக்குறைக்கு, அந்த மாதத்திலிருந்து எனக்கு இங்கிலீஷ் டியூஷன் வேறு. அதற்கும் அக்காதான் காரணமாம். என்னைக் கடைப்பக்கம் வரவிடாமல் செய்ய அவள் போட்ட திட்டம் என்றே நினைத்தேன்.

ஒருநாள் காலையில் புத்தகப் பையைத் தூக்கி வாசலில் எறிந்தேன். "அவ மட்டும் படிப்ப நிப்பாட்டலாம், நான் நிப்பாட்டக் கூடாதா? நானும் கடைக்குத்தான் வருவேன்!"

பளார் என்று கன்னத்தில் ஒரு அறை. அதுவரை என்மேல் கை வைத்திராத அக்கா. அப்பாவோ, பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளே பையைப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, என் தோளில் மாட்டிவிட்டாள்.

தன் கதிரையில் நான் பங்கு கேட்டுவிடுவேன் என்ற பயத்தில்தான் இப்படி அடிக்கிறாள் என்று, பள்ளிக்கூடம் வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே போனேன்.